மேசைப்பந்தாட்ட மட்டைத் தேர்வு

மேசைப்பந்தாட்ட மட்டைத் தேர்வு என்பது, மேசைப்பந்தாட்டத்தில் (டேபிள் டென்னிஸ்) பயன்படும் மரப்பலகையையும் அதன் இரு பக்கங்களிலும் ஒட்டப்படும் ரப்பர்த் தாள்களையும் ஆட்டக்காரரின் ஆட்டமுறைக்கு ஏற்பத் தெரிந்தெடுத்து, ஒன்றோடொன்று பொருத்துவதைக் குறிக்கும். மரப்பலகை ஆட்டக்காரர் வழக்கில் பிளேடு எனப்படுகிறது. பிளேடும் இரு ரப்பர்களும் சேர்ந்ததே மட்டை ஆகும். டென்னிசு, இறகுப்பந்து போன்ற ஆட்டங்களில் மட்டை பெரும்பாலும் ஒரே பொருளாக வாங்கப்படுகிறது. மேசைப்பந்தாட்டத்திலோ போட்டி ஆட்டக்காரர் மூன்று பொருள்களைத் தனித்தனியே வாங்கித் தாமே ஒட்டிக்கொள்கிறார். இம்மூன்றும் தனித்தனியே சிறந்தவையாக இருந்தும், சேர்ந்தபின் பயனற்ற மட்டையாக அமைவது அரிதன்று. விலையுயர்ந்த பொருள்களை வாங்கிய மாணவர் பலரின் ஆட்டம் முன்னேறாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

வரலாறு

இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை மட்டை என்பது மரப்பலகையின்மீது சிறு குமிழ்கள் கொண்ட மெல்லிய ரப்பர் ஒட்டப்பட்ட ஒன்றாகவே இருந்தது. அதனால் சுழற்சி குறைவாகவும், பந்து மோதும் ஒலி தெளிவாகவும் இருந்தன. மட்டைக்கு மட்டை பெரிய வேறுபாடு இல்லை.

இந்நிலை மாறியது இந்திய மண்ணில் ஆகும். 1952 ஆம் ஆண்டு பம்பாயில் உலக மேசைப்பந்தாட்டப் போட்டிகள் நடைபெற்றன. ஆசியாவில் நடைபெற்ற முதல் உலகப் போட்டி இதுவே. இதில் சப்பானின் இரோசி சாட்டோ, தடித்த ஸ்பாஞ்சு மட்டும் ஒட்டிய மட்டையுடன் களமிறங்கி ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். இறுதி ஆட்டத்தில் அங்கேரியின் யோசப் கோசியான் அவரிடம் தோற்றார். ஸ்பாஞ்சு பந்தை உள்வாங்கி வெளித்தள்ளியதால் வழக்கமான ஒலி எழவில்லை. ஒலியைக் கொண்டு பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகிய எதிராளிகள் தடுமாறினர். சாட்டோவின் திறமையைவிட அவருடைய மட்டையே வென்றது என்ற குறை அப்போதே எழுந்தது. மட்டை பற்றிய அனைத்து விவாதங்களிலும் இன்றுவரை ஒலிப்பது இக்குறைதான்.

ஏழு ஆண்டுக் குழப்பத்துக்குப்பின், 1959 இல் பன்னாட்டு மேசைப்பந்தாட்டக் கூட்டமைப்பு வெறும் ஸ்பாஞ்சைத் தடைசெய்து, ஸ்பாஞ்சின்மீது குமிழ் ரப்பர் ஒட்டிய இரட்டை அடுக்குத் தாளை 4 மி.மீ. தடிப்பு வரை அனுமதித்தது. இன்றைய ரப்பர்கள் யாவும் இந்த முடிவின் வழிவந்தவை.

பிற்கால விதி மாற்றங்கள் பலவும் ஏதேனும் ஒரு மட்டை உத்தியை எதிர்கொள்ள வந்தவையே. மட்டையின் இரு பக்கங்களிலும் ஒரே நிறத்தில் வெவ்வேறு தன்மையுள்ள ரப்பர்களை ஒட்டி, எந்தப் பக்கத்தால் அடித்தோம் என்று எதிராளிக்குத் தெரியாமல் ஆடும் முறை 1980 களில் இருநிற விதியால் முடிவுக்கு வந்தது. கரிம நீர்மங்கள் கலந்த வேகப் பசையை ஆட்டத்துக்குச் சற்று முன்னர் தடவி ஸ்பாஞ்சை உப்பவைக்கும் வழக்கம், நச்சாவி காரணமாக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை அடுத்துத் தடைசெய்யப்பட்டது. உராய்வே இல்லாத நீள்குமிழ் ரப்பர்களும் அதே ஆண்டில் விலக்கப்பட்டன. பந்தின் விட்டம் 2000 ஆம் ஆண்டில் 38 மி.மீ. இலிருந்து 40 மி.மீ. ஆனது. 2014 முதல் செல்லுலாய்டுக்கு மாற்றாக நெகிழிப் பந்து வந்தது. இவ்விரண்டும் பந்தின் சுழற்சியைக் குறைத்தன. விட்ட சுழற்சியைப் பிடிக்க ரப்பர் நிறுவனங்கள் ஸ்பாஞ்சை மேலும் கடினமாக்கின.

சென்னையைச் சேர்ந்த அசந்தா சரத் கமல் 2006 மெல்போர்ன் பொதுநலவாய விளையாட்டுகளில் ஒற்றையர் தங்கம் வென்றபோது செல்லுலாய்டுப் பந்து பயன்பட்டது. வேகப் பசைக்கும் தடையில்லை. 2022 பர்மிங்காமில் தமது 40 ஆம் வயதில் அதே தங்கத்தை அவர் மீண்டும் வென்றபோது இரண்டுமே இல்லை. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் ஓர் ஆட்டக்காரர் தம் மட்டையை எத்தனை முறை புதிதாய்ப் பழகியிருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

விதிகள்

மட்டையின் அளவுக்கோ வடிவத்துக்கோ எடைக்கோ வரம்பில்லை என்பது பலர் அறியாத செய்தி. பலகை தட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் போதும். ஆனால் பலகையின் தடிப்பில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருத்தல் வேண்டும். பசை அடுக்குகளில் கார்பன் இழை, கண்ணாடி இழை போன்றவற்றைச் சேர்க்கலாம். அத்தகைய அடுக்கு மொத்தத் தடிப்பில் 7.5 விழுக்காடு அல்லது 0.35 மி.மீ., இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

ஸ்பாஞ்சுடன் கூடிய ரப்பர், பசையும் சேர்த்து 4 மி.மீ. க்கு மிகலாகாது. ஸ்பாஞ்சு இல்லாத குமிழ் ரப்பர் எனில் 2 மி.மீ. ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் அதிலிருந்து தெளிவாக வேறுபடும் பளிச்சென்ற நிறமாகவும் இருக்கவேண்டும். நெடுங்காலம் சிவப்பு மட்டுமே இருந்த இடத்தில், 2021 அக்டோபர் முதல் நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு ஆகியவையும் அனுமதிக்கப்படுகின்றன.

கூட்டமைப்பின் ஒப்புதல் ரப்பருக்கு மட்டுமே உரியது. ஒப்புதல் பெற்ற தாளின் கைப்பிடி ஓரத்தில் கூட்டமைப்பின் சின்னமும் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். வெட்டி ஒட்டும்போது இப்பகுதி மட்டையில் தெரியும்படி வைக்கத் தவறினால், நடுவர் மட்டையை மறுக்கக்கூடும். கடைகளில் கிடைக்கும் ஆயத்த மட்டைகளில் காணப்படும் ‘5 நட்சத்திரம்’, ‘6 நட்சத்திரம்’ போன்ற குறிகள் தயாரிப்பாளர் தாமே இட்டுக்கொள்வன. அவற்றுக்கும் கூட்டமைப்புக்கும் தொடர்பில்லை.

பிளேடு

பிளேடு என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி ஒட்டிய பலகை ஆகும். 5 அடுக்கும் 7 அடுக்கும் மிகுதியாக வழங்குவன. நடு அடுக்கு தடித்தும் இலேசாகவும் இருக்கும். இதற்கு அயூசு, கிரி போன்ற மரங்கள் பயன்படுகின்றன. வெளி அடுக்கு, பந்து ரப்பரை அழுத்தும்போது கைக்கு வரும் உணர்வைத் தீர்மானிக்கிறது. லிம்பா மரம் மென்மையான உணர்வையும், கோட்டோ மரம் சுருக்கென்ற விறைப்பான உணர்வையும் தரும். இனோக்கி எனப்படும் சப்பானியச் சைப்ரசு மரம் மென்மையாயிருந்தும் வேகமானது.

பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் ரப்பர் அமுங்குகிறது, பலகை வளைகிறது, இரண்டும் மீள்கின்றன. வளையும் பலகை பந்தைச் சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருந்து சுழற்சி ஏற்ற உதவும். விறைத்த பலகை பந்தை விரைந்து திருப்பியனுப்பும். எந்திரவியல் படித்தோர் அறிந்தபடி, ஒரே பொருளால் ஆன தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு (கன அளவுக்கு) ஏற்ப உயர்கிறது. 5.5 மி.மீ. பலகையை 6 மி.மீ. ஆக்கினால் தடிப்பு 9 விழுக்காடு கூடுகிறது. விறைப்போ ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுகிறது. விளம்பரத் தாளில் அரை மில்லிமீட்டர் என்பது சிறு எண்ணாகத் தோன்றுவது கண்டு ஏமாறக்கூடாது.

ரப்பர் ஒட்டாத பிளேட்டைக் கைப்பிடியருகே இலேசாகப் பிடித்து, பந்தை அதன்மீது தட்டிப் பார்ப்பது பழைய சோதனை. ஒலி கீச்சென்று உயர்ந்திருந்தால் பலகை விறைப்பானது, வேகமானது. தாழ்ந்த ஒலியானால் வளையக்கூடியது. மிருதங்கம் வாங்குவோர் காதை நம்புவது போன்றதே இது.

கார்பன் இழை சேர்த்த பிளேடுகளில் இழை எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதே முதற்கேள்வி. வெளித்தகட்டுக்கு உடனடிக் கீழே வைத்தால், மெல்ல அடித்தாலும் பந்து பாய்ந்து செல்லும். 1993 இல் பட்டர்ஃபிளை நிறுவனம் வெளியிட்ட விசுக்காரியா இவ்வகையைச் சேர்ந்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் தொழில்முறை ஆட்டக்காரர் கைகளில் இருப்பது. இழையை நடு அடுக்கை ஒட்டி உள்ளே வைத்தால், மென்மையான அடிகளில் மரப்பலகையாகவும் கடுமையான அடிகளில் கார்பன் பலகையாகவும் நடந்துகொள்ளும். சீனத்தின் மா லாங் பெயரில் வந்த ஹரிக்கேன் லாங் 5 இத்தகையது.

கைப்பிடி அடியில் விரிந்தது, நேரானது, நடுவில் புடைத்தது என மூவகைப்படும். பேனா பிடிப்பில் ஆடுவோருக்குக் குட்டையான கைப்பிடி உண்டு. மட்டையைக் கையில் திருப்பி ஆடுவோர் நேரான கைப்பிடியை விரும்புவர். மற்றபடி இது கையின் பழக்கத்தைப் பொறுத்தது.

ரப்பர்

குமிழ்கள் உள்நோக்கி, வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும் வகையே இன்று பெரும்பான்மை. இதில் மேல்தாளின் பிடிப்புச் சுழற்சியையும், ஸ்பாஞ்சின் தடிப்பும் கடினத்தன்மையும் வேகத்தையும் தருகின்றன. 1967 இல் வந்த சிரைவர், 1969 இல் வந்த யசாக்கா மார்க் 5 ஆகியவை பல தலைமுறையினர் கற்றுக்கொண்ட ரப்பர்கள். வேகப் பசை மறைந்த 2008 ஆம் ஆண்டில் வெளியான டெனர்ஜி, பசையின்றியே அதன் துள்ளலைத் தர முயன்ற ரப்பர்களுள் புகழ்பெற்றது.

சீன ரப்பர்கள் பலவற்றின் மேற்பரப்பு ஒட்டும் தன்மையுடையது. பந்தை மேலே வைத்துக் கவிழ்த்தால் சிறிதுநேரம் ஒட்டியிருக்கும். இவற்றில் சுழற்சி மிகுதி. ஆனால் வேகத்தை ரப்பர் தராது; ஆட்டக்காரரின் இடுப்பும் காலும் தரவேண்டும். கடினத்தன்மையைக் குறிக்கும் எண்களை ஒப்பிடுகையில் கவனம் தேவை. சீன அளவுகோலும் செருமானிய அளவுகோலும் வேறு. ஹரிக்கேன் 3 தாளின் 39 பாகை, செருமானியத் தாளொன்றின் 40 பாகையைவிடக் கணிசமாகக் கடினமானது. எண்ணை மட்டும் பார்த்து ‘சற்று மென்மையானது’ என்று வாங்கிவிட்டுக் கல்லால் அடிப்பதுபோல் உணர்ந்தவர் பலர்.

குட்டைக்குமிழ் ரப்பர் குமிழ்கள் வெளியே தெரிய ஒட்டப்படுவது. எதிராளியின் சுழற்சியை அதிகம் உணராமல் தட்டையாக விரைந்து அடிக்க ஏற்றது. நீள்குமிழ் ரப்பரில் குமிழ்கள் வளைந்து வழுக்குவதால், வந்த சுழற்சியை மாற்றாமலேயே திருப்பியனுப்பும். எதிராளி மேற்சுழற்சியுடன் அடித்தால் அவருக்குக் கீழ்ச்சுழற்சியுடன் பந்து திரும்பும். சுழற்சித்தடை ரப்பர் வழவழப்பாயிருந்தும் உராய்வற்றது. ஏறத்தாழ அதே குழப்பத்தை விளைவிப்பது.

இவை தற்காப்பு ஆட்டக்காரருக்கு மட்டும் உரியவை என்ற எண்ணத்தை இந்திய மகளிர் மாற்றினர். பின்கைப் பக்கம் நீள்குமிழ் ரப்பருடன் ஆடும் மணிக்கா பத்ரா 2018 கோல்டு கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுகளில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024 பெப்ரவரியில் தென்கொரியாவின் பூசானில் நடைபெற்ற உலக அணிப் போட்டியில், பின்கையில் சுழற்சித்தடை ரப்பர் கொண்ட ஐகிகா முகர்ச்சி, அப்போதைய உலக முதனிலை ஆட்டக்காரர் சுன் இங்சாவைத் தோற்கடித்தார். எனினும் ரப்பரே வென்றது என்று கொள்வது பிழை. வந்த சுழற்சியைத் திருப்பிய பிறகு, எதிராளி தயங்கி அனுப்பும் பந்தை அடித்து முடிக்கும் ஆற்றல் ஆட்டக்காரரிடம் இருக்கவேண்டும்.

பொருத்துதல்

மெல்லிய ஸ்பாஞ்சு பலமான அடியில் முழுதும் அமுங்கிவிடும். அதன்பின் பந்து மரத்தையே எட்டுகிறது. எனவே ரப்பர் மெல்லியதாகுந்தோறும் பிளேட்டின் தன்மை மிகுதியாக வெளிப்படும். 1.5 மி.மீ. ஸ்பாஞ்சில் ஆடுபவருக்கு பிளேடே பெரும்பங்கு, 2.1 மி.மீ. க்கு மேல் ஆடுபவருக்கு ரப்பர் பெரும்பங்கு. தேர்வின் வரிசையை இதுவே முடிவுசெய்கிறது.

மிக மென்மையான ரப்பரை மிக விறைத்த கார்பன் பிளேட்டில் ஒட்டினால், மெதுவான பந்துகளில் ஸ்பாஞ்சின் மந்தமும், வேகமான பந்துகளில் கார்பனின் திடீர்ப் பாய்ச்சலும் தோன்றும். இடைப்பட்ட நிலை இராது. மாறாக, மிகக் கடினமான ஸ்பாஞ்சை நன்கு வளையும் 5 அடுக்குப் பலகையில் ஒட்டுவது பயன்தரும் இணைப்பு. சீன ஆட்டக்காரர் பலர் இவ்வழியில் வளர்ந்தனர். ஆனால் அதற்கு அவர்களது பயிற்சியும் உடல்வலுவும் வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகள் ஆடும் மாணவருக்கு நடுத்தரக் கடினம் கொண்ட ரப்பரே நலம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இரு பக்கங்களிலும் ஒரே ரப்பர் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. முன்கை அடி நீண்ட வீச்சுடையது. கடினமான தடித்த ஸ்பாஞ்சை அமுக்கவல்லது. பின்கை அடியின் வீச்சு குறுகியது. ஆகவே பின்கைக்குச் சற்று மென்மையான அல்லது மெல்லிய தாளை இடுவது பொதுவழக்கு. சென்னையைச் சேர்ந்த சரத் கமல், சத்தியன் ஞானசேகரன் இருவரும் 2018, 2022 பொதுநலவாய விளையாட்டுகளில் இரட்டையர் வெள்ளி வென்றவர்கள். உயரமான சரத் மேசையிலிருந்து விலகி நின்று நீண்ட முன்கை அடிகளால் புள்ளி எடுத்தவர். சத்தியன் மேசையை ஒட்டி நின்று விரைந்த பின்கை ஆட்டத்தால் எதிராளியை நெருக்குபவர். ஒரே ஊரில் வளர்ந்து ஒரே மேசையில் இணைந்து ஆடிய இருவருக்கே மட்டையிடம் உள்ள தேவை வேறு என்கையில், பிறருடைய மட்டையை அப்படியே நகலெடுப்பதன் பயன் ஐயத்துக்குரியது.

பந்தை வெட்டித் தற்காக்கும் ஆட்டக்காரருக்கு அகன்ற, மெதுவான, வளையும் பிளேடு வேண்டும். பின்கையில் ஸ்பாஞ்சற்ற அல்லது மிக மெல்லிய ஸ்பாஞ்சு கொண்ட நீள்குமிழும், முன்கையில் பிடிப்புள்ள ரப்பரும் அமையும். 2003 பாரிசு உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற தென்கொரியாவின் சூ செ-யுக், இத்தகைய மட்டையால் தற்காப்பும் தாக்குதலும் ஒருங்கே ஆட இயலும் எனக் காட்டினார்.

எடை

இணைப்பில் பெரும்பாலோர் மறப்பது எடையே. 88 கிராம் பிளேடு, 47, 45 கிராம் ரப்பர்கள், பசையும் ஓரப் பட்டையும் சேர்ந்து ஒரு 5 கிராம் எனக் கொண்டால் மட்டை 185 கிராம் ஆகிவிடும். இது வளர்ந்த ஆட்டக்காரர் கைக்கு வழக்கமான எடை. பதின்மூன்று அகவை மாணவருக்கு மிகுதி. இரு பக்கமும் கடினமான தடித்த சீன ரப்பர் ஒட்டினால் மட்டை 190 கிராமை எளிதில் தாண்டும்.

அதே 5 கிராம் எங்கே கூடுகிறது என்பதும் முக்கியம். கைப்பிடியில் கூடினால் உணர்வது அரிது. நுனியில் கூடினால், சுழலும் பொருளின் சடத்துவம் தொலைவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப உயர்வதால் மணிக்கட்டு உடனே உணரும். ரப்பரின் எடை முழுவதும் கைப்பிடிக்கு அப்பால்தான் இருக்கிறது. முழங்கை, மணிக்கட்டு வலியுடன் ஆடும் மாணவரின் மட்டையை முதலில் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. நகைக்கடைத் தராசு இதற்குப் போதும்.

தொடக்கநிலை ஆட்டக்காரர்

5 அடுக்கு முழுமர பிளேடு, 1.8 முதல் 2 மி.மீ. வரை ஸ்பாஞ்சு கொண்ட நடுத்தர ரப்பர்கள் இரண்டு என்பதே பயிற்சியாளர் பலரும் கூறும் இணைப்பு. வேகமான மட்டையில் தொடங்குபவர் பந்து வெளியே செல்லாதிருக்கத் தம் வீச்சைச் சுருக்கிக்கொள்கிறார். சுருங்கிய வீச்சு பழக்கமாகிவிட்டால், பின்னர் மெதுவான மட்டையைக் கொடுத்தாலும் அது எளிதில் விரிவதில்லை. பணம் வீணாவதைவிட இந்த இழப்பே பெரிது. உயர்நிலை ரப்பர்த் தாள் ஒன்றின் விலை, ஒரு நல்ல தொடக்கநிலை மட்டையின் விலையைவிடக் கூடுதல் என்பதையும் பெற்றோர் கவனத்தில் கொள்ளலாம்.

ஆயத்த மட்டையில் ரப்பர் நிலையான பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், தேய்ந்தபின் உரித்து மாற்றுவது பெரும்பாலும் இயலாது. ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து ஆட எண்ணுவோர் தனித்தனியே வாங்குவதே சிக்கனம். உத்தரப்பிரதேசத்தின் மீரட்டில் இயங்கும் ஸ்டாக் போன்ற இந்திய நிறுவனங்களின் முழுமர பிளேடுகள் இந்நிலைக்குப் போதுமானவை.

மாற்றம் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும். பிளேடையும் இரு ரப்பர்களையும் ஒரே நாளில் மாற்றியவர், பந்து ஏன் நீளமாகப் போகிறது என்பதைக் கண்டறிய வழியில்லை. மென்பொருளில் பிழை தேடுவோருக்கு இது விளக்கவேண்டாத உண்மை.

கடலோரத் தட்பவெப்பமும் பராமரிப்பும்

ரப்பர் பற்றிய நூல்களும் மதிப்புரைகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளின் மூடிய, குளிரூட்டப்பட்ட அரங்குகளை மனத்தில் கொண்டவை. தமிழ்நாட்டுக் கடற்கரையின் நிலை வேறு. தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு போன்ற ஊர்களில் கடல் மூன்றெட்டுத் தொலைவில் இருக்கிறது. காற்றில் ஈரமும் உப்பும் நுண்மணலும் எப்போதும் உண்டு. 2.7 கிராம் எடையுள்ள பந்து காற்றில் விலகும் என்பதால் சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஆடுவர். அப்போது வியர்வையும் அறையின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும்.

ரப்பரின்மீது கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்தால், உரசி அடிக்கும் பந்து சுழலாமல் வழுக்கி வலையில் விழும். ஒட்டும் தன்மையுள்ள சீன ரப்பர்கள் இதில் விரைந்து பாதிக்கப்படுகின்றன. அவற்றில் மணலும் தூசும் எளிதில் படியும். ஆகவே கடலோர ஊர்களில் ஆடுவோருக்கு, ஒட்டாத, பிடிப்புள்ள மேல்தாள் கொண்ட ரப்பரே ஏற்றதெனத் தோன்றுகிறது. விதிப்படி ஒவ்வொரு 6 புள்ளிகளுக்கும் துண்டால் துடைக்க நேரம் உண்டு. அந்நேரத்தில் முகத்தை மட்டுமன்றி, உலர்ந்த பகுதியால் மட்டையையும் துடைத்துக்கொள்ளலாம்.

மரமும் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் பிளேடு சில கிராம் எடை கூடி மந்தமாவது உண்டு. புதிய பிளேட்டில் ரப்பர் ஒட்டுமுன் மெல்லிய வார்னிசு ஒருமுறை பூசுவது, ஈரத்தைக் குறைப்பதுடன், ரப்பரை உரிக்கும்போது மரநார் பிய்ந்து வருவதையும் தடுக்கும். பூச்சு தடித்தால் பலகையின் உணர்வே மாறிவிடும். ஒட்டுவதற்கு நீர்மப் பசையே விதிக்கு உட்பட்டது. ஸ்பாஞ்சை உப்பவைக்கும் எண்ணெய்கள் எவையாயினும் அனுமதியில்லை.

ஆட்டம் முடிந்ததும் ரப்பரைச் சிறிது நீர் தொட்ட ஸ்பாஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் காப்புத் தாள் ஒட்டி உறையில் வைத்தல் வேண்டும். ஈரத்தோடு தாளை ஒட்டக்கூடாது. வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டிக்குள் மட்டையை விட்டுச்செல்வது ரப்பரை மிக விரைவில் கெடுக்கும். வெப்பமும் வெயிலும் மேல்தாளைக் கடினமாக்கி, ஓரங்களில் வெடிப்பை உண்டாக்குகின்றன. மேல்தாளின் நடுப்பகுதி ஓரத்தைவிட மங்கி, பந்தை உரசும்போது பிடிப்பின்றி வழுக்கினால் அதனை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது எனலாம். பழைய தாளை உரிக்கையில் மரத்தின் வார்ப்போக்கை ஒட்டி மெதுவாக இழுக்கவேண்டும். குறுக்கே இழுத்தால் வெளித்தகடு பெயர்ந்துவிடும்.